நொண்டத் தெரியாத பூட்டு

என் தங்கை மகனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிச் சான்றிதழில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி அதை யாரும் எடுத்துப் புழங்கியதில்லை. எல்லோருக்கும் அவன் பூட்டு.

கல்லூரிக் கால்பந்து அணியில் இரண்டாம் வருஷம் அவனை ஸ்டாப்பராக நிறுத்தினார்கள். கோல்கீப்பருக்கு முன்னால், நட்டநடுவில், வருகிறவனையெல்லாம் மறிக்கிற இடம் அது. அந்த வருஷம் பதினோரு ஆட்டங்களில் எதிரணிகள் போட்ட கோல் இரண்டே இரண்டு. ஒன்றைக் காற்று போட்டது. இன்னொன்றைப் போட்டவன், இனி வாழ்க்கையில் சாதிக்க ஒன்றுமில்லை என்று மறுமாதமே கால்பந்தை விட்டுவிட்டுக் கேரம் போர்டு பக்கம் போய்விட்டான். பூட்டு ஒருமுறை தலையால் முட்டித் தள்ளிய பந்து மைதானச் சுவரைத் தாண்டி, தெருவில் போன பேருந்துக்குள் விழுந்து, ஜன்னலோரமாக உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரைக்கும் போய் வந்தது. இதை நான் சொல்லவில்லை, அந்தப் பேருந்தின் கண்டக்டர் சொன்னார். நம்பாதவர்கள் அவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஸ்டாப்பரின் வேலை ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வது. கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றுவார்கள். விழாத கோலுக்காக யாரைத் தூக்குவது? கல்லூரி ஆண்டு மலரில் வந்த படத்தில், கோப்பையைப் பிடித்துச் சிரிக்கிற ஃபார்வர்டுக்குப் பின்னால் ஒரு முழங்கை மட்டும் தெரியும். அதுதான் எங்கள் பூட்டு. என் தங்கை அந்த முழங்கைக்குச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினாள்.

அணிக்குப் பயிற்சி கொடுத்தவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். ஆள் குள்ளம், தொண்டை பெரிது. அவர் வைத்திருந்த வழக்கம் ஒன்று உண்டு. பயிற்சி முடிந்ததும் பின்வரிசைக்காரர்கள் நான்கு பேரும் மைதானத்தின் பக்கவாட்டு வெள்ளைக் கோட்டின் மேல் வரிசையாக இருபது அடி நடந்து காட்ட வேண்டும். அடி பட்டிருக்கலாம், நகம் பெயர்ந்திருக்கலாம், கணுக்கால் பூசணி மாதிரி வீங்கியிருக்கலாம். நொண்டக் கூடாது. அவர் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காலைப் பார்க்க மாட்டார்; முகத்தைப் பார்ப்பார். உதடு கொஞ்சம் கோணினாலும் மைதானத்தைச் சுற்றி ஐந்து ரவுண்டு.

“ஃபார்வர்டு விழுந்தா அழலாம்டா. அழுதா ரெஃப்ரி ஃப்ரீ கிக் குடுப்பான். நீங்க பின்னாடி நிக்கிற பசங்க. எந்தக் கால் வலிக்குதுன்னு எதிராளிக்குத் தெரிஞ்சுதுன்னா, அப்புறம் பந்து பூரா அந்தப் பக்கமாத்தான் வரும். வலிச்சா வீட்ல போய் வலிச்சுக்கோங்க.”

ஒருவன் சிரிப்பை அடக்கப் போய் முகம் கோணி, அதற்கும் ஐந்து ரவுண்டு ஓடினான். மூன்று வருஷத்தில் பூட்டு ஒரு தடவைகூட ஓடவில்லை. அதில் அவனுக்கு அப்படி ஒரு கர்வம்.

மூன்றாம் வருஷம் அரையிறுதி ஆட்டம். பந்தை வெட்டித் திரும்பும்போது வலது கால் மண்ணில் ஊன்றி நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. முட்டிக்குள் ஏதோ அறுந்த சத்தம் பக்கத்தில் நின்றவனுக்கே கேட்டதாம். காய்ந்த குச்சியை யாரோ மிதித்துவிட்டார்கள் என்று அவன் தரையைப் பார்த்தானாம். அதற்குப் பிறகு அரை மணி நேரம் ஆட்டம் மிச்சம் இருந்தது. பூட்டு ஆடினான். முடிந்ததும் வெள்ளைக் கோட்டின் மேல் இருபது அடி நடந்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. மாஸ்டர் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து அவன் கன்னத்தில் தட்டினார். “நீதான்டா ஆளு.”

மருத்துவரிடம் போயிருக்கலாம். நான்கு நாள் கழித்து ஃபைனல். பம்ப் தயாரிக்கிற தொழிற்சாலை ஒன்று தன் கால்பந்து அணிக்கு ஆள் எடுக்க அந்த ஆட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அணிக்கு எடுத்தால் தொழிற்சாலையில் நிரந்தர வேலையும் உண்டு. அப்பா இல்லாத வீடு; என் தங்கை பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான்கு நாளும் ஐஸ் கட்டியை முட்டியில் கட்டிக்கொண்டு படுத்திருந்துவிட்டு, ஐந்தாம் நாள் போய் ஆடினான். ஆள் எடுக்க வந்தவர் ஆட்டம் முடிந்து அவனைக் கூப்பிட்டு, “அங்க வரைக்கும் நடந்துட்டு வா தம்பி” என்றார். பூட்டுக்கு அதைவிடச் சுலபமான பரீட்சை இந்த உலகத்தில் கிடையாது. வேலை கிடைத்தது.

தொழிற்சாலை அணிக்கு இரண்டரை வருஷம் ஆடினான். அப்புறம் ஒரு நாள் நோட்டீஸ் போர்டில் மூன்று வரி ஒட்டினார்கள்: நிர்வாகக் காரணங்களால் அணி கலைக்கப்படுகிறது. ஜெர்சிகளை இயந்திரம் துடைக்கக் கொடுத்துவிட்டார்கள். தன்னுடைய ஐந்தாம் நம்பரை வைத்து ஒருத்தன் எண்ணெய் துடைப்பதைப் பூட்டு நின்று பார்த்திருக்கிறான். “நல்லாத்தான் துடைச்சுது பெரியம்மா” என்றான் என்னிடம். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன்.

அவனை டெஸ்பாட்ச் ஷெட்டில் போட்டார்கள். பம்பைப் பெட்டியில் அடைத்து, சீட்டு ஒட்டி, லாரிக்கு அனுப்புகிற இடம். எட்டு மணி நேரம் சிமெண்ட் தரையில் நிற்க வேண்டும். வருஷம் ஒருமுறை தொழிற்சாலை டாக்டர் எல்லோரையும் பரிசோதிப்பார்: எடை, கண், இரத்த அழுத்தம், கொஞ்சம் நடை. முதல் சில வருஷங்கள் பூட்டு பயத்தில் நேராக நடந்தான். விளையாட்டுக்காக எடுத்த ஆளுக்குக் காலும் போய்விட்டது என்று தெரிந்தால் வைத்துக்கொள்வார்களா? அப்புறம் பயம் போய்விட்டது, நடை மட்டும் தங்கிவிட்டது. இருபத்திநாலு வருஷம், அவனுடைய கோப்பில் இருபத்திநாலு முறை ‘ஃபிட்’ என்று முத்திரை. ஒவ்வொன்றுக்கும் கீழே, எனக்கு எந்தக் குறையும் இல்லை என்று அவனே போட்ட கையெழுத்து.

அவனைக் கட்டிக்கொண்டவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும். குடியிருப்பது மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. கல்யாணமாகி இரண்டாம் நாளே, புருஷன் படியில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஏறுவதைப் பார்த்துவிட்டாள்.

“என்னங்க இது, படி ஏறுறீங்களா, சுவரை அளக்குறீங்களா?”

“பழைய அடி. ஒண்ணுமில்லை.”

அந்த ஒன்றுமில்லாததற்கு அவள் இருபது வருஷமாகத் தைலம் தேய்த்தாள், கடையிலிருந்து மாத்திரை கொண்டுவந்தாள். வீட்டுக்குள் அவன் நன்றாகவே நொண்டுவான். படுக்கையறையிலிருந்து சமையலறைக்குப் போவதற்குள் மூன்று இடத்தில் சுவரைப் பிடிப்பான். ஆனால் யாராவது வந்து கதவைத் தட்டிவிட்டால் போதும், விறைப்பாக எழுந்து ராணுவ வீரன் மாதிரி நடந்துபோய்த் திறப்பான்.

“வெளியாளைப் பார்த்தா உங்க முட்டி சரியாப் போயிடுது. நான் தினம் நாலு பேரை வாடகைக்குப் பிடிச்சுட்டு வந்து வீட்ல உக்கார வைக்கிறேன், தைலச் செலவாவது மிச்சம்” என்பாள்.

நாற்பத்தாறு வயதில் முட்டி தன் கணக்கை முடித்துக்கொண்டது. வெளியே ஒரு எலும்பு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஜவ்வு என்று ஒன்று அங்கே இருந்ததற்கான அடையாளமே இல்லை. எலும்பும் எலும்பும் உரசுகின்றன. “இந்தக் காலை வச்சுக்கிட்டா நின்னு வேலை பார்க்குறீங்க? எத்தனை வருஷமா? யாரும் கேட்கலையா?” என்றார். யாரும் கேட்காதபடி பார்த்துக்கொண்டதுதான் தன் திறமை என்று அவரிடம் எப்படிச் சொல்வான்!

அந்தச் சமயத்தில்தான் தொழிற்சாலையில் புது ஷெட் கட்டி முடித்தார்கள். இரண்டு தளம். சாமான் மேலே, லாரி கீழே, நடுவே முப்பத்தெட்டு இரும்புப் படிகள். ஒரு ஷிப்டுக்கு நாற்பது தடவையாவது ஏறி இறங்க வேண்டும். முடியாதவர்கள் மனு கொடுக்கலாம் என்றார்கள். உதிரிபாகம் வழங்குகிற ஸ்டோர்ஸ் கவுண்டரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை காலியாக இருந்தது. நாற்காலி ஒன்று, மேசை ஒன்று, பக்கத்திலேயே ஜன்னல். பூட்டு அந்த நாற்காலியைச் சாப்பாட்டு நேரத்தில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். கைப்பிடி உள்ள நாற்காலி என்று மனைவியிடம் வந்து சொன்னான். பெண் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருந்தது அவன் முகம் என்று அவள் என்னிடம் சொன்னாள். ஒரே மகள் வெளியூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், முடிய இரண்டு வருஷம் பாக்கி. அந்த நாற்காலி கிடைத்தால் குடும்பம் நிமிரும். கிடைக்காவிட்டால் முப்பத்தெட்டுப் படி.

மனுவை விசாரிக்க ஒரு மருத்துவக் குழு உட்காரும், அதன் முன் நடந்து காட்ட வேண்டும் என்று கடிதம் வந்தது. மனைவி அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். அப்புறம் வீட்டு நடையில் ஒரு முனையில் நாற்காலி போட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையில் ஸ்கேலோடு உட்கார்ந்தாள்.

“நான்தான் டாக்டர். நடங்க.”

பூட்டு நடந்தான். நூல் பிடித்த மாதிரி.

“ஐயோ! நொண்டுங்க!”

மறுபடி நடந்தான். நொண்டினான்.

“அது இடது கால்.”

“அப்படியா?”

“உங்களுக்கு எந்தக் கால் வலின்னு எனக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியலையா?”

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். “இதெல்லாம் எனக்கு வராதும்மா. உருண்டு புரண்டு வேஷம் போடுறது ஃபார்வர்டுக்காரனுங்க வேலை. கேவலமா இருக்கு.”

“யார் வேஷம் போடச் சொன்னா? காலையில பல் தேய்க்கப் போறப்ப எப்படிப் போனீங்க? அப்படிப் போங்கன்னுதான் சொல்றேன். அதுதாங்க நெசம். மத்ததுதான் வேஷம்.”

ஒன்பது நாள் பயிற்சி நடந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினால், அவன் இயல்பாக நொண்டிக்கொண்டு பின்னால் வருவான். கண்ணாடியை மாட்டினால் நிமிர்ந்துவிடுவான். ஒன்பதாம் நாள் அவள் ஸ்கேலைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதாள். அப்போது அவளைச் சமாதானப்படுத்த ஓடிவந்தான் பாருங்கள், அப்படி ஒரு நொண்டலை நீங்கள் பார்த்திருக்க முடியாது. அவள் அழுதுகொண்டே, “இதுதான், இதுதான், இப்படியே போங்க” என்று கத்தினாள்.

மருத்துவ அறை அலுவலகக் கட்டிடத்தின் பின்பக்கம். எடை பார்க்கும் இயந்திரம், எழுத்து குறைந்துகொண்டே போகிற கண் அட்டை, பச்சைத் துணி விரித்த மேசை. மேசைக்குப் பின்னால் தொழிற்சாலை டாக்டர், பர்சனல் ஆபீசர், குறிப்பெடுக்கிற பெண் குமாஸ்தா. கதவிலிருந்து எடை இயந்திரம் வரைக்கும் தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருந்தார்கள்.

பூட்டு ஸ்கேன் படத்தை நீட்டினான். டாக்டர் உறையைப் பிரிக்கவில்லை. “வெளியில எடுத்த படம் ஆளாளுக்குக் கொண்டுவர்றாங்க. போன வாரம் ஒருத்தர் கொண்டுவந்ததுல பொம்பளைக் கால் இருந்துச்சு. நாங்க ஆளைத்தான் பார்ப்போம். அந்தக் கோட்டு மேல நடங்க.”

அவன் கோட்டின் மேல் நின்றான். எதிரே மூன்று முகங்கள் அவன் முகத்தைப் பார்த்தன. அந்த நிமிஷத்தைப் பற்றி அவன் என்னிடம் ஒரே ஒரு தடவை பேசியிருக்கிறான். “நொண்டு நொண்டுன்னு சொல்றேன் பெரியம்மா, கால் கேட்கலை. வலி உச்சந்தலை வரைக்கும் வருது. ஆனா முகம் தானா மூடிக்குது. கால் தானா நேராப் போகுது. நான் உள்ள உக்காந்து பார்த்துட்டே இருக்கேன்.”

நேராக நடந்தான். எடை இயந்திரம் வரைக்கும் போய், திரும்பி, நேராக வந்தான்.

“இன்னொரு தடவை” என்றார் டாக்டர்.

இரண்டாவது தடவை இன்னும் நன்றாக நடந்தான்.

பர்சனல் ஆபீசர் சிரித்தார். “நம்ம மூணு பேரைவிட இவர் நல்லா நடக்கிறாரே!” குமாஸ்தாவும் சிரித்தாள். கெட்ட மனிதர்கள் இல்லை. நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

டாக்டர் கோப்பைப் புரட்டினார். இருபத்திநாலு முத்திரையையும் பார்த்தார். “வலி இருக்குன்னு எழுதியிருக்கீங்க. சொல்லுங்க, எவ்வளவு வலி?”

பூட்டின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாயைத் திறந்தான்.

“கொஞ்சம் சார்” என்றான்.

மனைவி கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் தொழிற்சாலை வாசலில் நின்றிருந்தாள். தூரத்தில் அவன் வருவது கம்பிக் கதவு வழியாகத் தெரிந்தது. நல்ல நடை. அவள் அவன் பையை வாங்கிக்கொண்டாள். வாசல் காவலாளி கண்ணுக்கு மறைந்து, தண்ணீர்த் தொட்டியின் மறைவுக்கு வந்ததும் அவன் நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். எழுந்திருக்க முக்கால் மணி நேரமானது.

முடிவு எட்டாம் நாள் வந்தது: தகுதியுள்ளவர், புது ஷெட்டுக்குச் செல்லலாம். ஸ்டோர்ஸ் நாற்காலி, முதுகு வலிக்கிறது என்று குழுவின் முன் முனகிக்கொண்டே உட்கார்ந்த வேறொருவருக்குப் போனது. அவருக்கு உண்மையிலேயே முதுகு வலி. அதைச் சொல்ல அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

புது ஷெட்டில் பூட்டு பதினோரு நாள் வேலை பார்த்தான். மேஸ்திரி பார்க்கும்போது நேராக ஏறினான். பார்க்காதபோது இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொண்டான். பன்னிரண்டாம் நாள் இறங்கும்போது மேஸ்திரி கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். பூட்டு கம்பியிலிருந்து கையை எடுத்தான். ஒன்பது படி உருண்டு விழுந்தான்.

மணிக்கட்டு உடைந்தது, முட்டி மறுபடி வீங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த வாரத்தில் நிர்வாகத்தின் கடிதம் வந்தது. நீண்ட நாள் முழங்கால் கோளாறை மறைத்து, தவறான உறுதிமொழிகளில் கையெழுத்திட்டு, தனக்கும் மற்றவர்களுக்கும் ஆபத்து விளைவித்ததால் பணிநீக்கம். ஆதாரமாக ஒரு படத்தின் நகல் இணைக்கப்பட்டிருந்தது. அன்றைக்கு அவன் மேசையில் விட்டுவிட்டு வந்த ஸ்கேன் படம். இப்போது உறையைப் பிரித்திருந்தார்கள்.

ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளைக்குள் நேரில் வந்து மேல்முறையீட்டு அதிகாரியிடம் சொல்லலாம், தேவைப்பட்டால் மறு பரிசோதனை செய்யப்படும் என்று கடைசி வரி. மனைவி அந்த வரியைப் பிடித்துக்கொண்டாள். வக்கீல் ஒருவரைப் பார்த்தாள். அவரும், ஆள் நேரில் போனால் பேசிப் பார்க்கலாம் என்றார். மகள் தொலைபேசியில், “போங்கப்பா, எனக்காகப் போங்கப்பா” என்றாள். சரி என்றான். யார் கேட்டாலும் சரி என்றுதான் சொன்னான்.

முப்பதாவது நாள் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். காலையிலேயே முகம் மழித்து, நல்ல சட்டை போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மனைவி ஷூ மாட்டிக் கயிறு கட்டிவிட்டாள். அவனால் குனிய முடியாது. கீழே வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது.

“வாங்க, போலாம்.”

“இரு. ஒரு நிமிஷம்.”

வண்டிக்காரர் மூன்று தடவை அடித்தார். அவள் இறங்கிப் போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள். அரை மணி கழித்து மறுபடி இறங்கிப் போய் அவரை அனுப்பிவிட்டு வந்தாள்.

“என்னன்னு சொல்வேன்?” என்றான் பூட்டு. “மறைச்சேன்னு எழுதியிருக்காங்க. மறைச்சேனே. அதுல பொய் ஒண்ணும் இல்லையே.”

“வலின்னு சொல்லுங்க. வலியாலதான் விழுந்தேன்னு சொல்லுங்க. எப்பவாவது ஒரு தடவை சொல்லுங்களேன்!”

“நடக்கச் சொல்வாங்கம்மா.”

“சொல்லட்டும். விழுந்து எழுந்த கால், இப்ப எப்படிங்க நேரா வரும்?”

“வரும்” என்றான். “அதான் பயமா இருக்கு.”

அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். எனக்கு வாய் நிறையப் பேச்சு உண்டு. எந்த வீட்டு இழவிலும் யாரையாவது சிரிக்க வைத்துவிட்டுத்தான் வருவேன். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. மத்தியானம் நான் சோறு போட்டுக் கொடுத்தேன், இருவரும் தட்டைத் தொடவில்லை. வெயில் ஜன்னலிலிருந்து கட்டிலுக்கு வந்து, கட்டிலிலிருந்து சுவருக்குப் போனது. அவன் ஷூவோடு அதே இடத்தில், முதுகு நிமிர்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவ்வப்போது எழுந்திருக்கப் போகிறவன் மாதிரி முன்னால் சாய்வான். இரண்டு பேரும் அவனைப் பார்ப்போம். மறுபடி சாய்ந்துகொள்வான்.

அலுவலகம் மூடுவது ஐந்து மணிக்கு. ஐந்தேகாலுக்கு அவள் முழங்காலால் நகர்ந்து வந்து, அவனுடைய ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள்.